இடது கையைக் கவ்வு, துரை!

போன் அலறியது!

மாஸ்டர் எடுக்கவில்லை. எடுக்கிற நிலைமையில் அவர் இல்லை. அவருடைய மனைவியை அப்போது ஒரு நாய் துரத்திக்கொண்டிருந்தது.

"ஓடு... ஓடு! திருடி மாதிரி ஓடு! கடைக்குப் போற மாதிரி நடக்காதே!"

"முதல்ல போனை எடுங்க! எனக்கு மூச்சு வாங்குது!"

கத்திக்கொண்டே அவள் இடது கையை நீட்டினாள். அந்தக் கையில் முழங்கைக்கு மேல் வரை ஒரு தடித்த உறை. உள்ளே பஞ்சு. மேலே சணல்.

நாய் தாவியது. உறையைக் கவ்வித் தொங்கியது.

"சபாஷ்!"

அவள் கையை உருவிக்கொண்டாள். உறை நாயின் வாயோடு போனது. அதுதான் பரிசு. நாய் தலையை நிமிர்த்திக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வந்து, உறையை மாஸ்டரின் காலடியில் போட்டது.

கணவனும் மனைவியும் அந்த உறைக்கு வைத்திருந்த பெயர், பொய்க்கை.

வீட்டில் செல்லம் கொஞ்சி வளர்த்த நாயை, எஜமானின் உயிரைக் காக்கும் காவலாளி ஆக்குவது மாஸ்டரின் தொழில். திருடியாக ஓடிக் கடி வாங்குவது மனைவியின் தொழில். 'கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் ஓடறேன், இவர் நின்ன இடத்துலேருந்து கத்தறார்' என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

போன் மறுபடியும் அலறியது. மாஸ்டர் எடுத்தார்.

"நாய் பழக்கற மாஸ்டரா?" கனமான குரல்.

"ஆமா சார். சொல்லுங்க."

"லாரி முதலாளி வீட்டு நாய் துரை... அதுக்குப் பாடம் எடுத்தது நீங்கதானா?"

"நான்தான் சார்!" மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. "ஏன், முதலாளி இன்னொரு நாய் வாங்கியிருக்காரா?"

எதிர்முனையில் ஒரு பெரிய தும்மல்.

"அவர் இனிமே எதுவும் வாங்க மாட்டார். நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். முதலாளி செத்துட்டார். உங்க ஸ்டூடண்ட் கடிச்சுக் கொன்னிருக்கு. உடனே கிளம்பி வாங்க!"

மாஸ்டரின் கையிலிருந்து போன் நழுவியது.

*

ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் மனைவி, திருடி வேஷத்துக்குப் போட்ட பஞ்சு வைத்த பேண்ட்டோடு அப்படியே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க... நம்ம துரையா? அவன் யாரைங்க கடிப்பான்?"

"சத்தமாப் பேசாதே."

"அவனுக்குக் கடிக்கவே தெரியாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்!"

"ரோட்ல போறவன் காதுல எல்லாம் விழணுமா?"

மாஸ்டரின் நெஞ்சில் ஒரு மாதமாக அழுத்திக்கொண்டிருந்த கல் அதுதான்.

துரை படிப்பில் முதல் மாணவன். பொய்க்கையைக் கண்டால் பாய்வான். இடது கையைக் குறி பார்த்துக் கவ்வுவான். ஆனால் பொய்க்கை இல்லாத ஆள் எதிரே வந்தால்? வாலை ஆட்டுவான்! கத்தினாலும் ஆட்டுவான். கம்பை ஓங்கினாலும் ஆட்டுவான். அவனைப் பொறுத்தவரை திருடன் என்றால் சணல். சணல் இல்லாதவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

தப்பு துரையுடையது அல்ல. ஆரம்பத்திலேயே உறையை மறைத்துவைத்து மெல்ல மெல்லப் பழக்கியிருக்க வேண்டும். நாய் பாய்கிற அழகைப் பார்த்து மயங்கி, மாஸ்டர் அந்தப் பாடத்தைத் தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்டது தங்கிப் போனது.

"நாய் டாக்டர்கிட்டகூடக் கேட்டுப் பார்த்தீங்களே..." என்றாள் மனைவி.

"கேட்டேன். நாயோட குணம், அதுக்கு மருந்து கிடையாதுன்னுட்டார்."

"அப்பவே முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கணும்."

சொல்லவில்லை. கடைசி நாள் சோதனையில் மனைவிக்கு ஒரு தொளதொள மழைக் கோட்டை மாட்டிவிட்டு, அதற்குள்ளே பொய்க்கையை ஒளித்தார் மாஸ்டர். துரைக்கு சணல் வாசனை போதுமே! பாய்ந்தான். கவ்வினான். முதலாளி குழந்தையைப் போலக் கை தட்டினார். மாஸ்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

'இனிமே எனக்கு என்ன பயம் மாஸ்டர்? துரை இருக்கான்!'

அந்த அணைப்பு இப்போது மாஸ்டரின் முதுகில் சுட்டது.

"ஒருவேளை..." என்றார் மாஸ்டர். "நாம விட்டப்புறம் அவனுக்குக் கடிக்கிற புத்தி வந்திருந்தா? நான் மூட்டி விட்டதுதானே? கடிக்கலைன்னாலும் என் தப்பு, கடிச்சாலும் என் தப்பு!"

மனைவி அவர் தோளை அழுத்திப் பிடித்தாள்.

*

துரையின் அறை மாஸ்டர் வீட்டு ஹாலைவிடப் பெரியது. கார் ஷெட்டை மாற்றிக் கட்டியது. மின்விசிறி, மெத்தை, தண்ணீர்த் தொட்டி. நடுவில் தரையில் ஒரு வெள்ளைத் துணி.

துணிக்குக் கீழே முதலாளி.

"வாங்க மா... ஆ... ஹச்!" இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "நாய் முடி எனக்கு ஆகாது. இந்த கேஸ் முடியறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல. இதைப் பாருங்க."

துணியை ஓரமாக விலக்கினார்.

இடது முன்கை. முழங்கைக்குக் கீழே. பற்கள் ஆழமாக இறங்கியிருந்தன. ஒரே கவ்வு. மேலும் கீழும் நான்கு கோரைப்பல் தடங்கள்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவர் சொல்லிக் கொடுத்த அதே கை. அதே இடம்!

'நான்தான். நான்தான் இதைச் செய்தது' என்று உள்ளே ஏதோ அலறியது.

"ஏற்கெனவே இதயம் பலவீனம். நாய் பாஞ்ச அதிர்ச்சியில நின்னு போயிருக்கும்ங்கறார் எங்க டாக்டர். ரத்தம்கூட அதிகம் வரலை, பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மனைவி நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவரை நான்தான் கொன்னுட்டேன் மாஸ்டர். வாக்கிங் போற இடத்துல யாரோ ரெண்டு பேர் வம்பு பண்ணினாங்கன்னு, துரையைப் பழக்குங்கன்னு நச்சரிச்சது நான்தானே? சும்மா கிடந்த பிள்ளையைக் கெடுத்தது நான்தானே?"

"இல்லை அண்ணி, நான்தான்." சுவரில் சாய்ந்து நின்ற இளைஞன் குறுக்கிட்டான். முதலாளியின் தம்பி. "காலைல துரையோட சங்கிலியை அவுத்து விட்டுட்டுப் போய் மறுபடி படுத்தது நான். கட்டிப் போட்டிருந்தா அண்ணன் இருந்திருப்பார்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். 'நீங்க ரெண்டு பேரும் இல்லை, நான்' என்று சொல்லத்தான் நினைத்தார்.

"இதே பாட்டுதான் காலைலேருந்து," என்றார் இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில். "இந்த வீட்ல எல்லாரும் குற்றவாளிங்க. கேஸ்தான் இல்லை!"

முதலாளியின் மனைவி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வெளியூர்லேருந்து வந்ததுலேருந்தே அவர் ஒரு மாதிரிதான் இருந்தார். அங்க எதிர் வீட்டு நாய் பவுடரைப் பார்த்தேன்னார். நல்லா ஓடியாடிட்டு இருக்குன்னார். அது ஆபரேஷன்ல செத்துப்போன நாயாச்சே, உங்களுக்கு ஜுரம் கிரம் அடிக்குதான்னு கேட்டேன். சிரிச்சார். காலைல நான் மார்க்கெட் கிளம்பினப்போகூட நல்லாத்தான் இருந்தார்... வந்து பார்த்தா..."

"அதிர்ச்சியில என்னென்னவோ பேசறாங்க" என்று இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "மாஸ்டர், நாயைப் பாருங்க. நாய் டாக்டர் வந்துட்டு இருக்கார். ஊசி போட்டுடலாம்னு முடிவு பண்ணியாச்சு."

"ஊசின்னா...?"

"வேற என்ன? கொலைகார நாய்க்கு மாலையா போட முடியும்?"

*

துரை கம்பிக் கூண்டுக்குள் இருந்தான். வாயைத் தோல் வாரால் கட்டியிருந்தார்கள். நிற்கவில்லை. மூலைக்கு மூலை ஓடினான். தரையை மோந்தான். முனகினான்.

"அடுத்த ஆளைத் தேடுது, சார்!" என்றார் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள், பத்தடி தூரத்திலிருந்தே.

மாஸ்டரைக் கண்டதும் துரையின் வால் சுழன்றது. கம்பியில் முன்னங்காலை வைத்து நின்றான். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்தான்.

மாஸ்டர் முட்டி போட்டார். கண்ணில் நீர் முட்டியது.

"என்னடா பண்ணினே... என்னடா பண்ண வெச்சேன் உன்னை..."

விரலால் அவனுடைய உதட்டை ஓரமாக விலக்கினார். கோரைப்பல்லில் லேசான ரத்தக் கறை. பல் இடுக்கில்...

மாஸ்டரின் விரல் நின்றது.

பல் இடுக்கில் ஒரு நார். அதை மெல்ல உருவினார். பழுப்பு நிறம்.

சணல்!

பயிற்சி முடிந்து ஒரு மாதம் ஆயிற்று. இந்த வீட்டில் பொய்க்கை கிடையாது. பிறகு இது எங்கிருந்து வந்தது?

"என்னங்க?" பின்னால் மனைவி.

மாஸ்டர் நாரை அவளிடம் காட்டினார். அவள் கண்கள் விரிந்தன. இத்தனை வருஷம் கடி வாங்கியவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"யாரோ அவர் கையில சணலைச் சுத்தியிருக்காங்க!" என்றாள் கிசுகிசுப்பாக. "உள்ள பஞ்சு இல்லாததால பல்லு இறங்கியிருக்கு!"

"ரத்தம் அதிகம் வரலைன்னாரே இன்ஸ்பெக்டர்..." என்றார் மாஸ்டர். "முதலாளி அதுக்கு முன்னாடியே செத்துட்டார். செத்த கையைத்தான் இவன் கவ்வியிருக்கான். இப்ப இவன் தேடறது ஆளை இல்லை. இவனோட பரிசை!"

"அப்போ போய்ச் சொல்லுங்க!"

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்கன்னா..."

"எப்படிடி சொல்றது? சணல் இல்லாம துரை கடிக்க மாட்டான்னு சொல்லணும். அது எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லணும். மழைக் கோட்டு விஷயத்தைச் சொல்லணும். அதுக்கப்புறம் இந்த ஊர்ல எவன் என்கிட்ட நாயை விடுவான்? நாயை விடு... எவன் என் மூஞ்சியைப் பார்ப்பான்?"

மனைவி அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. டாக்டர் வந்துவிட்டார்!

*

ஊரில் பாதி வீட்டு நாய்களுக்கு அவர்தான் டாக்டர். சந்தன நிறச் சட்டை. மென்மையான குரல். காரைப் பின்பக்கமாக முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு இறங்கினார். உள்ளே சாக்குகளும் பழைய போர்வைகளும் கிடந்தன.

முதலாளியின் மனைவிக்கு ஆறுதல் சொன்னார். தம்பியின் தோளைத் தட்டினார். இன்ஸ்பெக்டருக்குத் தும்மலுக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுத்தார்.

"மனுஷ ரத்தம் பார்த்த நாய். வெச்சிருக்கிறது ஆபத்து. வலிக்காம முடிச்சுடறேன். உடம்பை நானே எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரி அடுப்புல எரிச்சுடறேன். இவங்க எதுவும் பார்க்க வேண்டாம்."

பிறகு மாஸ்டர் பக்கம் வந்தார்.

"மனசைத் தளர விடாதீங்க. தொழில்னா ஒண்ணு ரெண்டு இப்படி ஆகத்தான் செய்யும். யார்கிட்டயும் எதுவும் பேசிக்க வேண்டாம். உங்க பேர் கெடக்கூடாது, பாருங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஆமாம், பேசாமல் இருந்துவிடலாம். ஒரு ஊசி. ஒரு நிமிஷம். பிறகு எல்லாம் சாம்பல்.

கூண்டு திறந்தது. கான்ஸ்டபிள்கள் சங்கிலியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தார்கள். டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார்.

துரை பயப்படவில்லை. மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது அவனுக்கு என்ன பயம்? அவர் சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காக உட்கார்ந்தான். 'சரியாச் செய்யறேனா?' என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தான்.

ஊசி முனையில் ஒரு துளி மின்னியது.

"நிறுத்துங்க!"

கத்தியது தான்தான் என்பதே மாஸ்டருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"துரை யாரையும் கொல்லலை. அவனால முடியாது. நான்... நான் ஒரு பித்தலாட்டக்காரன் சார்!"

சொன்னார். பொய்க்கையைச் சொன்னார். தள்ளிப் போட்ட பாடத்தைச் சொன்னார். மழைக் கோட்டைச் சொன்னார். சொல்லும்போது முதலாளியின் மனைவி பக்கம் மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் சணல் நாரை இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் வைத்தார்.



"ஆக..." இன்ஸ்பெக்டர் நாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கொலை. கொன்னவனுக்கு நாயோட ரகசியம் தெரியும். யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் இவளுக்கும்தான்."

"தினமும் பயிற்சியை யாராவது பார்ப்பாங்களா?"

மாஸ்டர் தயங்கினார். அவர் பார்வை தன்னையும் மீறி மாடி ஜன்னலுக்குப் போனது.

"இந்த முற்றத்துலதான் பழக்கினேன். மாடியிலேருந்து தம்பி பார்ப்பார். பொய்க்கை இல்லாட்டி துரை என்ன பண்ணுவான்னு ஒருநாள் கேட்டார்."

தம்பியின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"ஐயோ! சும்மா கேட்டேன் சார்! எங்கண்ணன் சார் அவர்! அண்ணி, நீங்களாவது சொல்லுங்க!"

"பிறகு பேசலாம். முதல்ல நாயைச் சோதிக்கணும்."

"இன்ஸ்பெக்டர், விஷப்பரீட்சை வேண்டாம்!" டாக்டர் பதறினார். "இந்த ஆள் தன் நாயைக் காப்பாத்தக் கதை விடறார். அவிழ்த்தா யாராவது சாவாங்க!"

"ஒரு கொலைன்னு சந்தேகம் வந்தப்புறம் நாயும் எனக்கு சாட்சிதான் டாக்டர். யார் நிக்கறீங்க?"

கான்ஸ்டபிள்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"சரி, நானே நிக்கறேன்." இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "செத்தா என் வீட்டுக்காரிகிட்ட வீரமாச் செத்தேன்னு சொல்லுங்க. தும்மிச் செத்தேன்னு சொல்லிடாதீங்க!"

வாய்க்கட்டு அவிழ்ந்தது. சங்கிலி அவிழ்ந்தது.

இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார். "ஏய்ய்!" என்று கர்ஜித்துக்கொண்டு பாய்ந்தார்.

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

வாலை ஆட்டினான்.

நீட்டிய வெறுங்கையை ஒரு நக்கு நக்கிவிட்டு விலகிப் போனான்.

"ஆ... ஹச்!" கையைத் துடைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர். "மாஸ்டர், உங்க பித்தலாட்டம் நிரூபணம் ஆயிடுச்சு!"

துரை அதோடு நிற்கவில்லை. மூக்கைத் தரையில் வைத்தான். காலையிலிருந்து எதைத் தேடினானோ அதை இப்போது சுதந்திரமாகத் தேடினான். தம்பியை நெருங்கினான். தம்பி கண்களை இறுக மூடிக்கொண்டான். துரை அவன் காலை மோந்தான்... தாண்டினான். முதலாளியின் மனைவியைத் தாண்டினான். முற்றத்தின் நடுவுக்கு வந்தான். தலை நிமிர்ந்தது. மூக்கு துடித்தது.

நான்கே தாவல். காரின் திறந்த பின்கதவுக்குள் பாய்ந்தான்!

"டேய்! இறங்குடா!"

டாக்டரின் மென்மையான குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

சாக்குகள் பறந்தன. போர்வைகள் பறந்தன. துரை வெளியே குதித்தான். வாயில் பழுப்பாக ஒரு துணி. தலையை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தைப் பெருமையாக ஒரு சுற்று வந்தான். மாஸ்டரின் காலடியில் அதைப் போட்டான்.

பொய்க்கையின் மேலுறை. பஞ்சு இல்லாத வெறும் சணல். அதில் காய்ந்த ரத்தம். ஓரத்தில் நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

"இது என் தையல்!" மாஸ்டரின் மனைவி வீறிட்டாள். "இது நம்ம பழைய உறைங்க!"

மாஸ்டர் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தார்.

"நான்... நான் கொடுத்தது. துரையோட பல்லுல நார் மாட்டுதுன்னு டாக்டர்கிட்ட காட்டப் போனேன். உறையை விட்டுட்டுப் போங்கன்னார். ரகசியத்தையும் அவர்கிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட சொன்னதை வெளியே சொன்னதா நான் நினைக்கவே இல்லை சார்..."

அதற்குள் டாக்டர் பாய்ந்தார். கீழே கிடந்த உறையை அள்ளினார். துரையோடு சேர்த்து அடுப்பில் எரிக்க வைத்திருந்த ஒரே சாட்சி அதுதான்! இன்ஸ்பெக்டரைத் தள்ளிவிட்டு கேட்டை நோக்கி ஓடினார்.

ஓடுகிற ஆள்.

இடது கையில் சணல்!

இத்தனை வருஷப் படிப்பில் டாக்டர் கற்றுக்கொள்ளாத ஒரே பாடம். துரை கற்றுக்கொண்டிருந்த ஒரே பாடம்!

மாஸ்டரின் தொண்டை தானாகத் திறந்தது.

"இடது கையைக் கவ்வு, துரை!"

துரை பறந்தான். டாக்டர் அலறிக்கொண்டு குப்புற விழுந்தார்.

"விடச் சொல்லுங்க! விடச் சொல்லுங்க!"

"டாக்டர், துணியைத் தூக்கிப் போட்டா அவன் விட்டுடுவான். உங்களுக்குத் தெரியாததா?" என்றார் இன்ஸ்பெக்டர். விலங்கை எடுக்க அவர் அவசரப்படவே இல்லை.

*

விலங்கு மாட்டிய பிறகு எல்லாம் வெளியே வந்தது.

உயர்ஜாதி நாய்கள் சிகிச்சைக்கு வரும். 'ஆபரேஷன்ல போயிடுச்சு, நானே எரிச்சுட்டேன்' என்று டாக்டர் சொல்லுவார். நாய் வேறு ஊரில் வேறு வீட்டில் வேறு பெயரில் வாலாட்டும். எதிர் வீட்டு பவுடரும் அப்படித்தான். பாதி கிழிந்த காதை வைத்து முதலாளி அதை அடையாளம் கண்டுகொண்டார். ஊர் திரும்பியதும் டாக்டருக்குப் போன் போட்டார். காலையில் வந்து பதில் சொல்லு என்றார்.

"பின்வாசல் வழியா வந்தேன். தப்பை ஒத்துக்கறேன், போலீசுக்கு மட்டும் வேண்டாம்னேன். அதுக்கு முன்னாடி துரைக்கு ஒரு தடுப்பூசி பாக்கி, தலையைப் பிடிங்கன்னேன். அவர் பிடிச்சார்..."

ஊசி இறங்கியது துரைக்கு அல்ல. முதலாளியின் இடது முன்கையில். அந்தப் புள்ளியை மறைக்கத்தான் அதன் மேல் சணல். அதன் மேல் துரையின் பல்.

"காலைலேருந்து இந்த வீட்ல எல்லாரும் 'என்னால, என்னால'ன்னு அழுதாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அழாத ஒரே ஆள் நீங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். தும்மல்ல மூளை கலங்கிடுச்சு. ஏத்துங்கய்யா ஜீப்புல!"

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மாஸ்டர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு முதலாளியின் மனைவியிடம் போய் நின்றார்.

"அம்மா..."

அவள் நிமிரவில்லை.

"கூடப்பிறந்தவன் மாதிரி துரையை நம்பினார் உங்க வீட்டுக்காரர். அவன் பக்கத்துல இருக்கான்ங்கற தைரியத்துலதானே யாருக்கும் சொல்லாம டாக்டரைத் தனியா வரச் சொன்னார்? அவர் விழுந்தப்போ துரை வாலை ஆட்டிட்டு நின்னிருப்பான். அது அவன் தப்பில்லை. பொய் சொல்லி உங்களுக்கு ஒரு காவல்காரனைக் கொடுத்தேன். கொன்னது டாக்டர்தான். ஆனா கதவைத் திறந்து விட்டவன் நான்."

பிறகு நிமிர்ந்தாள்.

"உங்களை மன்னிக்கறதா வேண்டாமான்னு இப்ப எனக்குத் தெரியலை மாஸ்டர். நாளைக்கும் தெரியுமான்னு தெரியலை. ஆனா இன்னிக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, நான் இவனையும் கொன்னுட்டு, வாழ்நாள் பூரா என்னையே சபிச்சுட்டு இருந்திருப்பேன்."

துரை வந்தான். அவள் மடியில் தலையை வைத்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மாஸ்டர் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தார். பின்னாலேயே மனைவி, ரத்தக் கறை படிந்த நீலத் தையல் உறையைக் கான்ஸ்டபிள்கள் கொண்டுபோன பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

"நாளைக்கே எல்லார் வீட்டுக்கும் போகணும்," என்றார் மாஸ்டர் கரகரத்த குரலில். "நான் பழக்கின ஒவ்வொரு நாயையும் மறுபடி சோதிக்கணும். தேறாததை இலவசமா முதல்லேருந்து பழக்கணும்."

"அப்போ மறுபடியும் நான்தான் ஓடணுமா?"

"இல்லை. இனிமே நான் ஓடறேன். நீ கத்து."

கேட்டில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஜாக்கிரதை! தாக்குவதற்குப் பயிற்சி பெற்ற நாய்!' மாஸ்டர் கொடுத்த பலகைதான். மாஸ்டர் கூனிக் குறுகி அதைக் கழற்றக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் மாஸ்டர், எடுக்காதீங்க." இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துடுங்க... 'உள்ளே வரும் திருடர்கள் தயவுசெய்து இடது கையில் சணல் சுற்றிக்கொண்டு வரவும்!'"